யெமிமாள் பின்னே போன நிழல்

எங்கள் ஊர் வேதக்கோயிலின் கோபுர நிழல் தன் இடத்தை விட்டு எழுந்து, தெருவைக் கடந்து, சபையை விட்டு விலக்கப்பட்ட யெமிமாளின் வீட்டு முற்றத்தில் போய்ப் படுத்துக்கொண்ட அன்று, ஊரில் அதைவிடப் பெரிய பேச்சாக இருந்தது நல்லையாவின் காளை கிணற்றில் விழுந்ததுதான். காளையைக் கயிறு கட்டி மேலே ஏற்றி, முட்டிக் காயத்துக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் பூசி, அப்பாடா என்று ஒதுங்குவதற்காகக் கோயில் பக்கம் திரும்பியபோதுதான், ஒதுங்க அங்கே ஒன்றுமில்லை என்பதைக் கவனித்தோம். கோபுரம் இருந்தது, வெயில் இருந்தது, நிழல் மட்டும் இல்லை. கோயிலில் மணியடித்துப் பெருக்கித் துடைக்கும் அற்புதம் நெற்றியில் கையை வைத்து நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "அந்தா கெடக்கு வே, யெமிமா வீட்டு வாசல்ல," என்றார். சரி, அங்கே கிடக்கிறது என்று நாங்களும் பார்த்துவிட்டு, காளை இனி உழுமா உழாதா என்ற பேச்சுக்குத் திரும்பினோம்.

நிழல் என்றால் எங்களுக்கு என்னவென்று தாபோர்விளைக்கு ஒருமுறை வந்துபோனவர்களுக்குத்தான் புரியும். மூன்று பக்கமும் தேரி என்கிற செம்மணல் மேடு, நாலாவது பக்கம் நடந்தால் அதே தேரி வெளுத்துக்கொண்டே போய்க் கடலில் முடியும். மரம் என்றால் பனை, பனையின் நிழலோ ஓர் ஆள் ஒருக்களித்துப் படுத்தால் மீதியிராது. அந்த மணலில்தான் எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்கார ஐயர், பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம், கப்பலில் போகிறவனுக்கும் தெரியட்டும் என்று அத்தனை உயரத்தில் கோபுரம் கட்டினார். கட்டி முடித்த சூட்டோடு அதன் நிழலில் ஒரு கள்ளுக்கடை வந்து உட்கார்ந்துவிட, வந்த கோபத்தில் 'கோபுர நிழல் விழும் இடமெல்லாம் கோயில்' என்று கல்லில் வெட்டி வாசலில் நட்டுவைத்தார். ஐயர் போய்ச் சேர்ந்தார், கள்ளுக்கடையும் போய்ச் சேர்ந்தது, கல் நின்றது. நிழலோ காலையில் மேற்கே, சாயங்காலம் கிழக்கே என்று நகர்கிற சாமான்; அதனால் எங்கள் கோயிலும் நாள் முழுக்க ஊருக்குள் நகர்ந்துகொண்டே இருந்தது. பீடி குடிக்கிறவர்கள் நிழலுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, அது நகர நகரத் தாங்களும் நகர்வார்கள். புருஷன் பெண்டாட்டிச் சண்டை நடக்கிற வாசலுக்கு நிழல் வந்து சேர்ந்தால், இருவரும் வாயை மூடிக்கொண்டு, அது கடந்து போகும்வரை காத்திருந்து, விட்ட வார்த்தையிலிருந்து தொடங்குவார்கள். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அவர்களும் பீடியை அணைத்துவிட்டுத்தான் நிழலுக்குள் வருவார்கள்.

இன்னொரு சட்டமும் எங்களுக்கு இருந்தது. ஓய்வுநாளில் தீ மூட்டக் கூடாது என்று மோசேயின் ஜனத்துக்குச் சொல்லப்பட்டதை எங்கள் முன்னோர் தங்களுக்கே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொண்டார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை தாபோர்விளையில் ஓர் அடுப்பும் எரியாது. ஆனால் பனைக்கு ஞாயிறு தெரியுமா? பாளை சீவிவிட்டால் அது பாட்டுக்குச் சொட்டும். இறக்காமல் விட்டால் பதனி புளித்துக் கள்ளாகும். கள் வீட்டில் இருப்பது அடுத்த பாவம். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். கிணற்றில் விழுந்த காளையை ஓய்வுநாளிலும் தூக்கலாம் என்று வேதத்தில் இருப்பதால், முதல் மணிக்கு முன்னால் மரம் ஏறிப் பதனி இறக்கலாம். ஆனால் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கக் கூடாது. அத்தனை கலயமும் கோயில் வாசலுக்கு வர வேண்டும், ஆராதனை முடிந்ததும் நிழலில் நின்று யார் வேண்டுமானாலும் பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடிக்கலாம், வழிப்போக்கனும் குடிக்கலாம். ஞாயிற்றுப் பதனி ஊர்ப் பதனி என்பார்கள். கோயில் பிரதிஷ்டை நாளில் ஊரே கூடிச் சமைத்து ஊரே பந்தியில் உட்காரும் அசனமும் எங்களுக்கு ஞாயிறில்தான். அதனால் அசனச் சோற்றைச் சனிக்கிழமையே வடித்துவைத்துவிடுவோம். சித்திரை வெயிலுக்கு அது கொஞ்சம் புளித்தே இருக்கும். அந்தப் புளிப்பைத்தான் பரிசுத்தத்தின் ருசி என்று தலைமுறை தலைமுறையாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

கற்பனைகள் என்று நாங்கள் சொல்லும் இந்தச் சட்டங்களையெல்லாம் கட்டிக் காத்தவர் சபைச் செயலர் மாசிலாமணி வாத்தியார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. தேரி மணல் ஒவ்வொரு ஆடிக் காற்றிலும் ஊருக்குள் வரப் பார்க்கும், ஓலைவேலி கட்டித்தான் நிறுத்துவோம். "கற்பனையும் வேலிதான். ஒரு ஓலையை உருவினா மத்தது தானா சாயும், அப்புறம் நம்ம எல்லாரையும் மணல் மூடிரும்," என்று அவர் சொல்லும்போது, அவர் கண்ணில் உண்மையாகவே மணல் தெரியும். தாய் இறந்த பிறகு தன் ஒரே தங்கையை இடுப்பில் வைத்து வளர்த்தவர் அவர். பத்துக் கற்பனைகளையும் அவள் விரல் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக மடக்கி மடக்கிச் சொல்லிக்கொடுத்தவர். அந்தத் தங்கைதான் யெமிமாள்.

யெமிமாள் ஏசாயாவைக் கட்டிக்கொண்ட அன்று, அவன் வீட்டுக்குப் பின்னால் தேரிச் சரிவில் ஒரு பனங்கொட்டையை ஊன்றினான். பனை மெல்ல வளர்கிற மரம். தாத்தா வைத்தால் பேரன் ஏறுவான் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. ஏசாயாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. தினமும் அதன் பக்கத்தில் நின்று தன் உயரத்தோடு அளந்து பார்த்து, முதல் பதனியில் தனக்கு ஒரு கருப்பட்டி காய்ச்சித் தர வேண்டும் என்று யெமிமாளிடம் கேட்பான். மரம் அவனைத் தாண்டி, கூரையைத் தாண்டி வளர்ந்தது. பாளை விடும் முன்னே அவன் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளையும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு மாசியில் மரம் முதல் பாளை விட்டது. பனையேறி தவமணி அந்தக் கன்னிப் பாளையை இடுக்கி, சீவி, சீவி, காத்திருந்து, கலயம் கட்டினான். முதல் கலயம் நிறைந்து இறங்கிய விடியல் ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் போயிற்று.

யெமிமாள் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு முதல் மணி கேட்டாள், இரண்டாம் மணி கேட்டாள். பிறகு எழுந்து அடுப்பை மூட்டினாள். முதல் பாட்டின் இரண்டாவது அடியில் எல்லாரும் ஜன்னல் வழியாக அந்தப் புகையைப் பார்த்தோம். மாசிலாமணி வாத்தியாரும் பார்த்தார், பாட்டை நிறுத்தாமல் பார்த்தார். ஒரு கலயம் பதனி வற்றி வற்றிச் சிரட்டையில் ஊற்றி எடுத்தால் ஒரே ஒரு சின்னக் கருப்பட்டி. அதை அவள் தின்னவும் இல்லை, விற்கவும் இல்லை, துணியில் சுற்றி அடுப்புக்கு மேலே புகைபடத் தொங்கவிட்டாள்.

சபை கூடியது. ஓய்வுநாளில் தீ மூட்டியது ஒன்று, ஊருக்குச் சேர வேண்டியதைத் தனக்கென்று வைத்தது இரண்டு, முதற்பலனைக் கர்த்தருக்குக் கொண்டுவராதது மூன்று. ஒரே கலயத்தில் மூன்று கற்பனையை உடைத்தவள் ஊரில் அதற்கு முன் யாரும் இல்லை. ஆனால் அதற்கும் சபையில் எளிய வழி இருந்தது. செயலர் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்பார், ஆம் என்று சொன்னால் முடிந்தது.

"யெமிமாள், நீ செய்ததற்காக மனம் வருந்துகிறாயா?" என்று மாசிலாமணி கேட்டார். கேட்கும்போதே அவர் தலை தன்னை அறியாமல் ஆம் ஆம் என்று அவளுக்கு ஜாடை காட்டி அசைந்ததை எல்லாரும் பார்த்தோம்.

"இல்லண்ணே," என்றாள் யெமிமாள்.

"ஏட்டி, யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுத்தான் சொல்லுதேன். அவுக வச்ச மரம். அவுக கேட்ட பதனி. காய்ச்சும்போது எனக்குச் சந்தோசமா இருந்திச்சு, இப்பவும் சந்தோசமாத்தான் இருக்கு. வருத்தம்னு சொன்னா பொய். பொய் சொல்லக் கூடாதுன்னு நீதான இந்த வெரல மடக்கிச் சொல்லிக்குடுத்த?"

அப்படித்தான் அவள் விலக்கப்பட்டாள். கோயில் எல்லைக்குள் வரக் கூடாது, அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து கிடையாது, அசனப் பந்தி கிடையாது. ஒவ்வொரு வருஷமும் லெந்து என்கிற தவக்கால நாட்களில் மாசிலாமணி அவள் வீட்டு வேலிக்கு வெளியே நின்று அதே கேள்வியைக் கேட்பார், அவள் உள்ளே நின்று அதே பதிலைச் சொல்வாள், பிறகு, "சாப்பிட்டியா?" என்பார். "சாப்பிட்டேன். மைனி சொகமா?" என்று அண்ணியை விசாரிப்பாள். அவர் போய்விடுவார்.

அவளுக்குக் கோயில்மேல் கோபம் இருந்திருந்தால் காரியம் எளிதாக இருந்திருக்கும். அவளுக்கு இருந்தது ஏக்கம். திருவிருந்து ஞாயிறுகளில் மற்றவர்களைப் போல அவளும் வெறும் வயிற்றோடு இருப்பாள். எல்லைக்கு வெளியே, தன் பனைக்கு அடியில் போய் நிற்பாள். பந்திக்கு வரச் சொல்லும் பாட்டு தொடங்கியதும் செம்மணலில் முழங்கால் போட்டு, இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏந்தி, அப்பம் வைக்கிறவரைக்கும் காத்திருக்கிற மாதிரி காத்திருப்பாள். பாட்டு முடிந்ததும் வெறுங்கையை மடக்கிக்கொண்டு எழுந்து போவாள். அவள் சேலையில் முழங்கால் பக்கம் செம்மண் கறை எந்தச் சோப்புக்கும் போகவில்லை. கோயிலுக்குள்ளே மாசிலாமணி முழங்கால் போடும்போது தன் இடது பக்கம் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டே போடுவார். எவ்வளவு நெரிசல் என்றாலும் அந்த இடத்தில் யாரும் போய் நிற்பதில்லை. அண்ணனுக்குத் தங்கை தப்பவில்லை, இரண்டும் ஒரே கல்லில் வெட்டியது என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

நிழல் போனது இப்படி வருஷங்கள் சில ஓடிய பிறகு.

முதலில் அதை ஒரு சில்லறைத் தொந்தரவாகத்தான் எடுத்துக்கொண்டோம். கோயில் வாசலில் பதனி குடிக்க நின்றவர்களுக்கு உள்ளங்கால் வெந்தது. யெமிமாளின் பக்கத்து வீட்டுத் திர்சாள் துணி காயவில்லை என்று முணுமுணுத்தாள். ஊர்க் கோழிகளெல்லாம் அங்கே குடிபோயின. பீடிக்காரர்கள் கூடிப் பேசி, இத்தனை நாள் எட்ட நின்ற இடத்தில் இப்போது குடிக்கலாம், இத்தனை நாள் குடித்த இடத்தில் இப்போது கூடாது என்று புதிதாக எல்லை வகுத்துக்கொண்டார்கள். சூரியன் எங்கே நின்றாலும் நிழல் அசையவில்லை. கோபுரத்தின் உச்சிச் சிலுவையின் நிழல் அவள் வாசற்படிக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றிருந்தது. யெமிமாள் அதை மிதிக்கவில்லை. வாசற்படிக்கு உள்ளே உட்கார்ந்து, வெயிலில் கிடக்கிற கன்றுக்குட்டியைப் பார்க்கிறவளைப் போல அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். ஒரு நாள் திர்சாள் பார்த்தாளாம், யெமிமாள் மெல்லக் கையை நீட்டி, தொடுவதற்குள் இழுத்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளாம்.

சபை கூடித்தானே ஆக வேண்டும்? கூடியது. புதிதாக வந்திருந்த கமாலியேல் ஐயர் சின்ன வயது, படித்தவர். "மோசேயோட சட்டமான நியாயப்பிரமாணமே ஒரு நிழல்தான்னு வேதம் சொல்லுது. நாம பொருளைப் பிடிச்சுக்கிட்டா போதும், நிழல் எங்க போனா என்ன?" என்றார்.

மாசிலாமணி மரியாதையாக எழுந்து நின்றார். "ஐயரவாள் சொன்னா சரிதான். ஆனா நிழல் விழுந்த எடத்தப் பாத்துத்தான பொருள் எந்தப் பக்கம் நிக்குதுன்னு எங்கள மாதிரி ஆளுக்குத் தெரியுது? கல்லுல என்ன எழுதியிருக்கு? நிழல் விழும் இடமெல்லாம் கோயில். அப்ப யெமிமா வீட்டு முற்றம் இப்போ கோயில். விலக்கப்பட்டவ கோயில் எல்லைக்குள்ள இருக்கக் கூடாது." தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு முடித்தார்: "அவ அந்த வீட்ட விட்டுப் போவணும்."

பெண்கள் பக்கத்திலிருந்து திர்சாள் மட்டும், "அவ கோயிலுக்குள்ள வரக் கூடாதுன்னுதான வெலக்கினீய? கோயில் அவகிட்ட வரக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?" என்றாள்.

"அது இன்னும் அவமேல வரல, ஒரு சாண் தள்ளித்தான் நிக்கி," என்றார் மாசிலாமணி. "அவமேல வரட்டும். அப்பப் பேசுவோம்." அதைச் சொன்னபோது அவர் குரலில் சட்டம் இல்லை, கெஞ்சல் இருந்தது. யாரிடம் கெஞ்சினார் என்று எங்களுக்குத் தெரிந்தது. என்ன செய்ய முடியும்?

யெமிமாள் கருப்பட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு, ஒரு பாயை இடுக்கிக்கொண்டு, முற்றத்தை மிதிக்காமல் பின்வாசல் வழியாகப் போய் ஏசாயாவின் பனைக்கு அடியில் உட்கார்ந்தாள். நிழல் எழுந்தது. வீட்டுக் கூரையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, போய் அவளுக்கு ஒரு சாண் முன்னால் படுத்துக்கொண்டது. அங்கேயும் கோயில் வந்துவிட்டதே என்று அவள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனாள். அதுவும் தள்ளிப் போனது. கடைசியில் தேரி நடுவில், மனிதர் போகாத ஒரு மேட்டில் நாலு ஓலையைச் சாய்த்துக் குடிசை போட்டுக்கொண்டாள், நிழல் வாசலில் கிடந்தது. திர்சாள் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். விலக்கப்பட்டவளுக்குக் கஞ்சி கொடுக்கலாமா என்று யாரோ மாசிலாமணியிடம் கேட்டதற்கு, "கொடுக்கக் கூடாதுன்னு இல்ல," என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "சூடா கொடுக்கச் சொல்லு," என்றார்.

அசன நாள் வந்தது. பிரதிஷ்டை ஞாயிறன்று முதலில் திருவிருந்து, பிறகு அசனம், இரண்டும் கோபுர நிழலில் பந்தலில்லாமல் நடப்பதுதான் வெள்ளைக்கார ஐயர் காலத்து வழக்கம். நிழலோ தேரியில். வெயிலில் உட்காரலாம் என்றார்கள் சிலர். கோயிலுக்குள்ளேயே இருக்கலாம் என்றார்கள் சிலர். வழக்கத்தை மாற்ற மாசிலாமணிக்கு மனமில்லை. "நிழல் விழும் இடமெல்லாம் கோயில்னா, அங்க போவோம்," என்றார். எங்களில் பலருக்கு உள்ளுக்குள் அது சந்தோஷமாக இருந்தது, ஏன் என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை. சனிக்கிழமை வடித்த சோற்று அண்டாக்கள், குழம்புச் சட்டிகள், மறுநாள் ஏழைகளுக்குக் கொடுக்க ஒதுக்கிவைத்த அரிசி மூட்டை, விடியலில் இறக்கிய ஊர்ப் பதனி, எல்லாவற்றையும் வண்டிகளில் ஏற்றி, கமாலியேல் ஐயர் அப்பத்தையும் பாத்திரத்தையும் வெள்ளைத் துணியில் மூடி நெஞ்சோடு பிடித்துக்கொள்ள, பாட்டுப் பாடிக்கொண்டு ஊரே தேரியில் ஏறியது.

எங்களைக் கண்டதும் யெமிமாள் எழுந்து நின்றாள். முகத்தில் எத்தனை ஆசை இருந்தது என்று அருகில் போனவர்கள் சொன்னார்கள். பாத்திரத்தைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். பிறகு, "பந்தி நடக்கும்போது நான் இங்க நிக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டுக் கிழக்கே நடக்கத் தொடங்கினாள். நிழல் எழுந்து அவள் பின்னே போனது. பாயை விரித்து உட்கார்ந்தவர்கள் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு நடந்ததை வெளியூரில் சொன்னால் நம்ப மாட்டார்கள், நாங்களும் சொல்வதில்லை. முன்னால் யெமிமாள், அவளுக்கு ஒரு சாண் பின்னால் கோபுரத்தின் நிழல், நிழலுக்குப் பின்னால் பாயும் அண்டாவும் ஆர்மோனியமும் பாத்திரமும் தூக்கிக்கொண்டு நாங்கள். அவள் நின்றால் நாங்கள் பாயை விரிப்போம்; விரித்ததும், ஐயோ கோயில் வந்துவிட்டதே என்று அவள் நடப்பாள்; நாங்கள் பாயைச் சுருட்டுவோம். நிழல் போன வழியில் உடைமரங்கள் கோயிலாயின, நரிப்பொந்துகள் கோயிலாயின, ஓடைக்கரைச் சாராயப் பானைகள் ஒரு நிமிஷம் கோயிலாயின. சுடலைமாடன் பீடத்தின் மேல் நிழல் கடந்தபோது பூசாரி எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "போயிட்டு வாங்க," என்றார், நாங்களும் "வாரோம்" என்றோம். "நில்லுட்டி யெமிமா! கால் வேவுது!" என்று திர்சாள் கத்தினாள். "நின்னா தப்புக்கா!" என்று அவள் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள். அழுதுகொண்டே நடக்கிறாள் என்பது குரலில் தெரிந்தது. மாசிலாமணி செருப்பு அறுந்து வெறுங்காலோடு எல்லாருக்கும் முன்னால் நடந்தார், அவளைக் கூப்பிடவில்லை, கூப்பிட அவர் வைத்த சட்டம் விடவில்லை.

கடல் வந்தது. அதற்குமேல் தேரி இல்லை. அலை நுனியில் கால் நனைய நின்றுவிட்டு யெமிமாள் திரும்பினாள். நிழல் அவளுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. நாங்கள் அதற்குள் வந்து நின்றோம்.

"அண்ணே," என்றாள். "இதுக்குமேல போவ எடமில்ல. என்ன செய்யட்டும், நீயே சொல்லு."

அந்நேரம் பார்த்து அற்புதம் அண்டாவின் மூடியைத் திறந்தார். அத்தனை தூரம் வெயிலில் வந்த சோறு நுரைத்துப் பொங்கி, பரிசுத்தத்தின் ருசியையெல்லாம் தாண்டிப் போயிருந்தது. குழம்பும் அப்படியே. பசியில் பிள்ளைகள் அழத் தொடங்கின. வண்டியில் அரிசி இருந்தது, குடிதண்ணீர் இல்லை, ஊர்ப் பதனி இருந்தது. பதனியில் அரிசியைப் போட்டுப் பொங்கினால் தேவாமிர்தம் என்பது எல்லாருக்கும் தெரியும். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

மாசிலாமணி வாத்தியார் கடலைப் பார்த்தார், தங்கையின் சேலையில் இருந்த செம்மண் கறையைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு மூன்று கல்லைப் பொறுக்கினார். கரையில் கிடந்த காய்ந்த தாழை மட்டைகளை இழுத்துவந்து ஒடித்தார். அண்டாவைக் கழுவித் தூக்கிவைக்க யாரையும் கூப்பிடவில்லை, தானே உருட்டிக்கொண்டு வந்து வைத்தார், கலயங்களைத் தானே ஊற்றினார். பீடிக்காரர் கூட்டத்துக்கு முன்னால் போய்க் கையை நீட்டினார். யாரோ தீப்பெட்டியை அந்தக் கையில் வைத்தார்கள். காற்றில் இரண்டு குச்சி அணைந்தது. மூன்றாவது பிடித்துக்கொண்டது.

தீ நன்றாக எரிந்ததும் அவர் எழுந்து, கமாலியேல் ஐயருக்கு முன்னால் கை கட்டி நின்றார்.

"கேளுங்க ஐயரே."

"எதை வாத்தியாரே?"

"கேக்க வேண்டியதத்தான். செயலர் கேக்கணும். செயலரே தப்புப் பண்ணுனா ஐயர்தான் கேக்கணும்."

ஐயருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கேட்டார். "மாசிலாமணி, நீர் செய்ததற்காக மனம் வருந்துகிறீரா?"

மாசிலாமணி தீயைத் திரும்பிப் பார்த்தார். பதனி கொதிக்கத் தொடங்கி, அந்த மணம் காற்றில் ஏறிக்கொண்டிருந்தது.

"இல்ல," என்றார்.

சொல்லிவிட்டு, நிழலின் நுனியைத் தாண்டி, வெயிலில் இறங்கி நடந்து, அலை நனைத்த மணலில் தங்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இடது பக்கம் ஓர் ஆள் அளவுக்கு விட்டே பழகிய மனிதர், அன்று இடைவெளி விடவில்லை. "ஒக்காரு," என்றார். "இப்ப நானும் வெளியதான்." அவள் உட்கார்ந்தாள். அண்ணனும் தங்கையும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உள்ளே இருக்கிற எங்களைப் பார்த்தார்கள். உள்ளே இருக்கிறோம் என்பது எங்களுக்கு முதல் தடவையாக வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் நிழல் அசைந்தது. அவசரமில்லாமல், பெருமூச்சு விட்டுத் திரும்பிப் படுக்கிறவரைப் போல, அந்த ஒரு சாணைக் கடந்து, அவர்கள் பாதத்தில் ஏறி, மடியில் ஏறி, தலையைத் தாண்டி அலைமேல் போய் விழுந்தது. யாரும் உள்ளே போகவில்லை, யாரும் வெளியே வரவில்லை, கோயில்தான் அவர்கள்மேல் வந்தது. "அவமேல வந்துட்டு, பேசுவோமா வாத்தியாரே?" என்று திர்சாள் கேட்டாள். வாத்தியாரோ சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தார், யெமிமாள் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கமாலியேல் ஐயர் அங்கேயே, ஈர மணலில், துணியை விலக்கித் திருவிருந்தை ஆரம்பித்தார். பாட்டு தொடங்கியதும் யெமிமாள் பழக்கத்தில் முழங்கால் போட்டுக் கைகளை ஏந்தினாள். ஐயர் முதலில் அவளிடம்தான் வந்தார். கையில் அப்பம் வைக்கப்பட்ட பிறகும் அவள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்; கையில் எடை இருப்பது அவளுக்குப் பழக்கமில்லை. சாப்பிட்டாள். பாத்திரத்திலும் பருகினாள். எங்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார் ஐயர், நாங்களும் அங்கேதான் போய் முழங்கால் போட்டோம், எங்கள் வேட்டியிலும் சேலையிலும் ஈரமணல் அப்பியது.

சோறு வெந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையில் ஆவி பறக்கிற சோற்றை எங்களில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. ஊதி ஊதி உண்ண வேண்டும் என்றுகூடத் தெரியாமல் நாக்கைச் சுட்டுக்கொண்டவர்கள் பலர். பரிமாறப் போகும்போது யெமிமாள் எழுந்துவந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். புகை ஏறிக் கறுத்துக் கல்லாகிப் போயிருந்த அந்த ஒற்றைக் கருப்பட்டியை ஒரு தடவை முகர்ந்து பார்த்தாள். அண்டாவில் போட்டாள். அது கரைகிறவரைக்கும் கரண்டியால் கிண்டிக்கொண்டே நின்றாள்.

சாயங்காலம் எல்லாரும் ஊர் திரும்பினோம், நிழல் எங்களுக்கு முன்னாலேயே போய்த் தன் இடத்தில் கிழக்கே நீண்டு கிடந்தது. தேரி ஏறும்போது யெமிமாள் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியில் வந்தாள். அவர்களுக்கு முன்னால் போன எங்கள் காதில் விழுந்தது.

"அண்ணே."

"என்னம்மா?"

"அன்னைக்கு அந்தப் பதனிய ஊருக்குக் குடுத்திருக்கலாம். அவுக மரத்துப் பதனிய எல்லாரும் குடிச்சிருப்பாவ." சரிவில் தெரிந்த பனையைப் பார்த்தாள். "வருத்தமாத்தான் இருக்கு."

மாசிலாமணி அவள் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அன்று அவளிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை.